குரல் தணிந்தால் புகார் தீர்ந்தது

என் பெயர் சாந்தாமணி. சாந்தத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும், வந்தால் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட என் கோபத்தை என் காதோரமாகவே வந்து உருவிக்கொண்டு போனார்கள். அதுவும் என்னை நன்றி சொல்ல வைத்து.

மேட்டுப்பாளையத்துக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கும் கேரட்டும் எங்களிடம்தான் உறங்கும். அறைகளைக் குளிர வைப்பது அம்மோனியா. நாங்கள் ‘கேஸ்’ என்றுதான் சொல்வோம். குழாய்க்குள் இருக்கும்வரை அது சமர்த்து. வெளியே வந்தால் கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும். நான்காம் அறையில் ஒரு வால்வு கசிய ஆரம்பித்திருந்தது. அறைக்குள் நுழைந்தாலே மூக்கைக் குத்தும். மாற்ற வேண்டுமானால் அறையைக் காலி செய்து இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை.

எங்கள் கிடங்கில் வெள்ளிக்கிழமைதோறும் குறைகேட்பு உண்டு. மேனேஜர் பிரேம்நாத் முன்பெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே “ம், அப்புறம்?” என்பார். செவியன் வந்த பிறகு ஆளே மாறிப்போனார்.

செவியன் என்பது காதுக்குள் அடங்கும் அவரை விதை அளவுக் கருவி. கேட்பவர் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரே பேசுகிறவரின் குரலை அது அளக்கும். எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும், எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காதுக்குள் ஓதும். பேசுகிறவர் கொதித்துக்கொண்டிருந்தால் கேட்பவரின் காதோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தணிந்துவிட்டால் பச்சை. பெரிய அலுவலகங்களில் ஆரம்பித்து போலீஸ் ஸ்டேஷன், பேங்க் என்று பரவி எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. கேட்கத் தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே வருஷத்தில் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

வால்வைப் பற்றி நான் வெள்ளிக்கிழமைகளில் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கத்திக்கொண்டுதான் உள்ளே போனேன். பிரேம்நாத் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். “உள்ள வேலை பாக்கறவங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு உங்களுக்கு உறுத்திட்டே இருக்குது, இல்லையா சாந்தாமணி?” என்றார். ஆமாம், அதுதான். என்னை ஒரு மனுஷன் புரிந்துகொண்டான் என்று நெஞ்சு இளகிவிட்டது. “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒவ்வொரு தடவையும்.

பிறகு ஒரு நாள் வால்வு வாயைத் திறந்தது. உள்ளே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவள் ருக்மணி. கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உயிர் தப்பிவிட்டது. தொண்டையும் நுரையீரலும் வெந்துவிட்டன. வேலை செய்யும்போது சினிமாப் பாட்டாய்ப் பாடித் தள்ளுகிறவளுக்கு இப்போது வெறும் காற்றுதான் வருகிறது.

நான் நேராகக் கிடங்கின் நலத்துறையைப் பார்க்கும் பெர்னதெத் மேடத்திடம் போனேன்.

“நாலாவது ரூம் வால்வு பத்தி நான் சொன்னது என்னாச்சுங் மேடம்?”

“அதெல்லாம் தீர்ந்துருச்சே சாந்தாமணி.”

“எப்ப மாத்துனாங்க?”

“மாத்தலை. புகார் தீர்ந்துருச்சு.”

எனக்கு விளங்கவில்லை. பெர்னதெத் திரையை என் பக்கம் திருப்பினாள். என் பேருக்கு நேராக வரிசையாகப் பச்சை.

“நீங்க வர்றப்ப கோபமா வந்தீங்க. போறப்ப உங்க குரல் சாதாரணமாயிருச்சு. குரல் தணிஞ்சா குறை தீர்ந்துச்சுன்னு செவியன் எடுத்துக்கும். அப்பவே புகார் மூடிரும்.”

“அப்ப வால்வு?”

“வால்வுக்குக் குரல் கெடையாதே” என்றவள், சொன்னது என்னவென்று தனக்கே உறைத்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

“ருக்மணி புகார் குடுக்கலையா?”

“சார் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டாரு. அவளுக்கு மெதுவாத்தானே பேச வருது. செவியன் அதை அமைதின்னு எடுத்துக்கிச்சு. பேச ஆரம்பிக்கறப்பவே பச்சை.”

மேசையை ஓங்கி அறைந்தேன். கேஸ் அவள் குரலைத் தின்றது, குரல் இல்லாததால் அவளுக்குக் குறையும் இல்லை! இதைச் செய்தவன் ஒருத்தனாவது கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கேட்டார்கள். அரசாங்கப் புகார் எண்ணுக்கும் போன் செய்து பார்த்திருந்தேன், அங்கேயும் ஒரு குரல் என்னைத் தடவிக்கொடுத்துவிட்டு வைத்துவிட்டது.

பெர்னதெத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் சிவப்பாக எரிந்தது. செவியனைக் கழற்றி டிராயருக்குள் போட்டு மூடினாள். பிறகு வேறு குரலில் பேசினாள்.

“சாந்தாமணி, திங்கக்கிழமை காலையில நாலாவது ரூமைத் திறக்கறாங்க. ஊட்டிக் கேரட் லோடு வருது. வால்வுக்கு மேல ஏதோ பசை தடவியிருக்காங்க, அவ்வளவுதான்.”

“நிறுத்த முடியாதுங்களா?”

“ஒரு வழி இருக்குது. ஒரு ரூம் மேல புகார் திறந்திருந்தா அந்தக் கதவோட பூட்டு ரிப்பேர்காரங்களைத் தவிர வேற யாருக்கும் திறக்காது. இன்சூரன்ஸ்காரங்க வெச்ச ஏற்பாடு, மேனேஜராலயும் மாத்த முடியாது. நீங்க புதுசாப் புகார் குடுங்க. ஆனா தணியக் கூடாது. திங்கக்கிழமை வரைக்கும் தணியவே கூடாது.”

“தணிஞ்சிட்டா?”

“மறுநாள் ஷிப்ட் தொடங்கறதுக்குள்ள அதே விசயத்துக்கு மறுபடி குரல் ஏறுச்சுன்னா புகார் தானாத் திறந்துக்கும். விட்டுட்டா அடுத்த வெள்ளிக்கிழமைதான். ஒண்ணு சொல்றேன், நடிச்சா அதுக்குத் தெரிஞ்சிரும்.”

நடிப்பதா? எனக்கா? சிரிப்பு வந்தது. கோபமாக இருப்பதுதான் வேலை என்றால் அதற்கு இந்த மாவட்டத்திலேயே என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை, குறைகேட்பில் புதுப் புகாரைக் கத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை பிரேம்நாத் என்னைக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். நான் தொடவில்லை.

“ருக்மணிய உங்க கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி நெனைக்கறீங்க. அவளுக்கு இப்படி ஆனதைத் தாங்க முடியலை. அதானே?”

நெஞ்சுக்குள் ஏதோ இளக ஆரம்பித்தது. அந்தக் கருவி பொல்லாதது, சரியான இடம் பார்த்துத் தொடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ருக்மணி வாயசைத்ததை நினைத்துக்கொண்டேன். என்ன சொல்கிறாள் என்று அவள் உதட்டருகே நான் காதை வைக்க வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டேன். இளகியது மறுபடி இறுகியது.

“சார், காதுல இருக்கறதைக் கழட்டிட்டுப் பேசுங்க.”

“கழட்டினா நான் சரியாக் கேக்க மாட்டேனே சாந்தாமணி” என்றார் அவர். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

“கேட்டுக் கிழிச்சது போதும் சார். வால்வை மாத்துங்க!”

வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். சிவப்பு. பொட்டு வைத்த மாதிரி அழகான சிவப்பு. வீடுவரை நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தனபாலன் நூல் மில்லில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் இருந்தோம். அப்புறம் நான் பேசுவதே அவர் காதில் ஏறாமல் போயிற்று. நான் வாயைத் திறந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். டிவியைத் தெருவே கேட்கிற மாதிரி வைப்பார். “நான் என்ன செவுத்துகிட்டயா பேசறேன்?” என்று கத்துவேன். அவரும் கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் சண்டையை வைத்தே பொழுது போக்கினார்கள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு எங்கள் கிடங்கில் வழக்கமாகத் தரும் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதிலாக, குடும்ப நலத் திட்டம் என்று ஆளுக்கொரு செவியன் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். ஆசையாக வாங்கி அன்றைக்கே வலது காதில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. நான் பேசுவேன், அவர் கேட்பார். இடையில் மறிக்க மாட்டார். எனக்கு மறுபடி கல்யாணமான மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ருக்மணியைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவர் கறிக்குழம்பு வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, “அந்தப் புள்ள எப்படி இருக்குது?” என்று கேட்டார்.

சொன்னேன். அவள் புருஷன் வராந்தாவில் நின்று அழுததைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்ததும் ஏதோ பாட வாயெடுத்து, வராமல், சிரித்து மழுப்பியதைச் சொன்னேன்.

“அதைப் பாக்கறப்ப உனக்கு எப்படி இருந்துச்சு சாந்தா?”

உடைந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுது ஓய்ந்ததும் சோறு போட்டார். இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். மனசு காலியாக, லேசாக இருந்தது. அப்போது போன் மினுங்கியது.

‘நான்காம் அறை குறித்த உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது. நன்றி.’

நிமிர்ந்து அவர் காதைப் பார்த்தேன். பச்சை.

அப்போதுதான் புரிந்தது. கிடங்கு கொடுத்த செவியன் கிடங்கோடுதான் பேசும். என் குரல் எங்கே தணிந்தாலும் அதற்கு ஒன்றுதான். பொங்கல் பரிசாக எங்கள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேவுகாரனை உட்கார வைத்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்த அந்த நொடியில் நான் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. அதுதான் கொடுமை. உள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. வயிறு நிறைந்திருந்தது, கண் செருகியது.

“ஏனுங், எனக்குக் கோபம் வர மாட்டேங்குது” என்றேன். குரல் தாலாட்டு மாதிரி வந்தது.

பெர்னதெத் சொன்னதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். “கத்து. நான் காதுல வெச்சிருக்கேன், கத்து” என்றார். கத்தினேன். பிரேம்நாத்தின் குலத்தையே இழுத்துத் திட்டினேன். தட்டை எடுத்துத் தரையில் அடித்தேன். எனக்கே அது நாடகக் கொட்டகையாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் காதோரம் பிடித்துக் காட்டினேன். அவரும் பார்த்தார். பச்சை, கொஞ்சம்கூட அசையாமல்.

“காலையில அந்த ரூமுக்குள்ள யாரு போறாங்க?” என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மூட்டை எண்ண இன்னொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியும். தெரிந்தும் கொட்டாவிதான் வந்தது.

அவர் எழுந்து பாத்திரம் கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் எனக்கு முதுகு காட்டி நின்றார். பிறகு கூடத்துக்குப் போய் டிவியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பழைய மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரி, விட்டுத் தொலை. ஒரு வால்வுக்கு இத்தனை கூத்தா?”

“என்னங்?”

“அந்தப் புள்ள மூக்கைப் பொத்திட்டு வெளிய ஓடியிருக்கோணும். ஓடத் தெரியாம நின்னா வால்வு என்ன பண்ணும்?”

“என்ன பேச்சுங் பேசறீங்க? கதவு எந்தப் பக்கம்னு கண்ணுக்குத் தெரியுமா அந்தப் பொகையில...”

“நாலு நாள் இருமுனா சரியாப் போயிரும். அவளும் நடிக்கறா, நீயும் அதைப் பெருசு பண்ற.”

“நடிக்கறாளா?”

“உனக்குப் பேசறதுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான். என்னைக்காச்சும் அடுத்தவன் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டிருக்கியா நீ? வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கறானே, அவனுக்கு என்னன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா? வாய், வாய், வாய்!”

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. என்ன சொன்னேன் என்று இப்போது எழுத மாட்டேன், அச்சில் ஏறாது. ருக்மணி இருமும்போது கூடவே ரத்தம் வருவதைச் சொன்னேன். உன்னைக் கட்டியதற்குக் கிணற்றில் விழுந்திருக்கலாம் என்றேன். கையில் கிடைத்த சொம்பை எடுத்து வீசினேன். அது டிவியில் பட்டு, படம் செத்து, வீடே அமைதியானது. அவர் முகம் திரும்பியிருந்ததால் வலது காது எனக்கு நேராகத் தெரிந்தது. சிவப்பு.

போன் மினுங்கியது. ‘உங்கள் புகார் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது.’

அவர் எழுந்து உட்கார்ந்து செவியனைக் கழற்றினார்.

“வந்துருச்சா?” என்றார்.

“என்னது?”

“மெசேஜ்.”

அவர் அந்தக் கருவியை அது வந்த பொங்கல் டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடி பரண்மேல் போட்டார். அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. தணிந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு. அவருக்கு என்ன பயமோ.

திங்கட்கிழமை நான்காம் அறையின் பூட்டு திறக்கவில்லை. வாசலில் கேரட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பிரேம்நாத் என்னைத் தேடித் தேடி வந்து கேட்டார். “கேட்டது போதும் சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற லாரிக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அவர்களிடமும் “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்று ஆரம்பித்தார். கேரட் வாடிக்கொண்டிருக்கிறவனிடம் அந்தப் பேச்சு எடுபடுமா? மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தினார்கள். பழைய வால்வைக் கழற்றித் தரையில் போட்டபோது அது அரித்துப்போய்க் கிடந்தது. புதியதை மாட்டி, சோதித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

அதற்காக என் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ருக்மணிக்குக் குரல் திரும்பவில்லை. அவள் புகார் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அதற்கு வக்கீல் பார்த்திருக்கிறேன். தன் அறையில் கருவி இல்லாமல் கேட்கும் வக்கீல். பாதி நேரம் கொட்டாவி விடுகிறார், ஆனால் மனு போடுகிறார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வால்வு மாத்தியாச்சுங்.”

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். எனக்குச் சுருக்கென்றது.

“நேத்து பேசுனதெல்லாம் நடிப்புத்தானுங்களே?”

“ம்?”

“நடிப்புத்தானேன்னு கேட்டேன்!”

“ஆமா. அந்தப் புள்ளயப் பத்திச் சொன்னது எல்லாம் நடிப்பு. சொல்றப்ப எனக்கே நாக்குக் கூசிருச்சு.” படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கடைசியாச் சொன்னது மட்டும் நடிப்பில்ல.”

“எது?”

“வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான், அவனுக்கு என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லைன்னு.”

கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சை அப்படி மறித்ததில்லை.

“எனக்கு இடது காது கேக்கறதில்ல சாந்தா. மில்லுச் சத்தத்துல போயிருச்சு. ரொம்ப வருசமாச்சு.”

“அப்ப, நான் பேசறப்ப மூஞ்சியத் திருப்பறது...”

“நல்ல காதைக் காட்டறேன். நீ எப்பவும் இந்தப் பக்கம்தான் வந்து உக்காருவ.”

“செவியன்?”

“அதை மாட்டினா, எந்தப் பக்கத்துல இருந்து பேசினாலும் வலது காதுல கொண்டுவந்து போட்டுரும். உன்ற பேச்சு முழுசாக் கேட்டுச்சு. அதுக்குத்தான் ஆசைப்பட்டு வாங்குனேன். மீதியெல்லாம் அது சொல்லச் சொன்னது.”

“இதை ஏனுங் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னேன். உங்க மாமன் மகன் கல்யாணத்துக்குப் போயிட்டு பஸ்ஸுல வர்றப்ப. நீ மண்டபத்துச் சாப்பாட்டைத் திட்டிட்டு இருந்த.”

மில்லின் மேல் கோபம் வந்தது. காது போவதைப் பார்த்துக்கொண்டே வேலை வாங்கியவர்கள் மேல் வந்தது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்த இந்த மனுஷன் மேல் வந்தது. அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. எதுவும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

எழுந்தேன். அவரைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

“முதல்ல இருந்து சொல்லுங்” என்றேன். கத்தித்தான் சொன்னேன்.